கொக்குகள் இறங்கும் ஆறு: விஸ்கான்சினில் நான்கு நாட்கள்

நவம்பர் 15, 2024, வெள்ளி. மேடிசன்

ஊராட்சிகளும் மாநிலங்களும் வெளியிடும் கடன்பத்திரங்களைப் படித்து, அந்தக் கடன் ஒழுங்காகத் திரும்பி வருமா என்று சொல்வது சிகாகோவில் என் வேலை. செப்டம்பரில் தொடங்கிய வேலை நெருக்கடி போன வாரம்தான் ஓய்ந்தது. தீபாவளியன்று இரவு ஒன்பது மணிக்கும் அலுவலக மேசையில்தான் இருந்தேன். அன்றே இந்த நான்கு நாள் விடுப்பைக் கேட்டு வாங்கிவிட்டேன்.

விஸ்கான்சின் மாநிலத் தலைநகரான மேடிசன், நான் 2009 முதல் 2011 வரை படித்த ஊர். இங்குள்ள பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணிமேல் எனக்கு இன்றும் தீராத பற்று. இது நம் ஊரில் ஆடும் கால்பந்து அல்ல; முட்டை வடிவப் பந்து, தலைக்கவசம், ஆளோடு ஆள் மோதும் ஆட்டம். நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜம் முன்னேறினால் பந்து உங்களிடமே இருக்கும், இல்லாவிட்டால் எதிரணிக்குப் போய்விடும். அந்தப் பத்து கஜத்துக்காகத்தான் அத்தனை பாடும். 2010 அக்டோபர் 16 அன்று நாட்டின் முதலிடத்தில் இருந்த ஓஹையோ ஸ்டேட் அணியை எங்கள் அணி 31-18 என்று வீழ்த்தியது. ஆட்டத்தின் முதல் உதையையே எங்கள் வீரர் பிடித்து மைதானத்தின் மறுகோடிவரை ஓடினார். முடிந்ததும் மாணவர் கூட்டம் வேலி தாண்டி மைதானத்துக்குள் பாய்ந்தது. அதில் நானும் ஒருவன். ஊரை விட்டு வந்து ஓராண்டு ஆகியும் ஒட்டாமல் இருந்த எனக்கு, இது என் இடம் என்று தோன்றியது அன்றைக்குத்தான்.

நாளை மறுபடியும் முதலிட அணி வருகிறது: ஓரிகன். பத்து ஆட்டம், பத்து வெற்றி. எங்கள் கணக்கு ஐந்து வெற்றி, நான்கு தோல்வி. ஆனாலும் வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை இரவு விஸ்கான்சின் முழுக்க மீன் வறுவல்தான். ஜெர்மனியிலிருந்தும் போலந்திலிருந்தும் வந்து குடியேறிய கத்தோலிக்கர்கள் வெள்ளியன்று இறைச்சி தவிர்த்த வழக்கம், இன்று எல்லா மதத்தாருக்கும் வாரச் சடங்காகிவிட்டது. நான் போன உணவகத்தில் ஐம்பது நிமிடம் காத்திருந்தேன், யாரும் முகம் சுளிக்கவில்லை. காத்திருப்பதும் அந்தச் சாப்பாட்டின் ஒரு பகுதிபோல நின்றபடியே பேசிக்கொண்டிருந்தார்கள். மாவில் தோய்த்துப் பொரித்த ஏரி மீன், முட்டைக்கோஸ் சாலட், கம்பு நிறத்தில் ஒரு ரொட்டி, கூடவே உருளைக்கிழங்கைத் துருவிச் சுட்ட அடை. அதற்கு ஆப்பிள் கூழ் தொட்டுக்கொள்ள வேண்டும். 21 டாலர். பக்கத்து மேசைப் பெரியவர் என் தட்டைப் பார்த்துவிட்டு, “அடையை ஆறவிடாதீர்கள், முதலில் அதைச் சாப்பிடுங்கள்” என்றார். சொன்னது சரிதான். ஓரம் மொறுமொறுவென்றும் நடுவில் பஞ்சாகவும் இருந்தது.

சாப்பிட்டுவிட்டு மெண்டோட்டா ஏரிக்கரைக்கு நடந்தேன். கோடையில் மாணவர்கள் உட்காரும் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு நாற்காலிகளை எடுத்து வைத்துவிட்டார்கள். கல்தரை வெறிச்சென்று இருந்தது. மேகம் விலகிய நேரத்தில் முழுநிலா. ஐப்பசிப் பௌர்ணமி! எங்கள் ஊரான சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூரில் திருத்தளிநாதர் கோயில் அன்னாபிஷேகத்துக்கு அம்மா போய்வந்ததை அப்போதுதான் கைப்பேசியில் பார்த்தேன். ஒரு கை சோற்றைத் தொன்னையில் வைத்துப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்.

நவம்பர் 16, சனி. மேடிசன்

காலையில் ஒரு சிறு ஏமாற்றம். சட்டமன்றக் கட்டடத்தைச் சுற்றி சனிதோறும் கூடும் உழவர் சந்தையை நினைத்தே எழுந்தேன். விளைவித்தவரே விற்க வேண்டும் என்பது அங்கே விதி. 1972 முதல் நடக்கிறது. போய்ப் பார்த்தால் சதுக்கம் காலி. வெளிச்சந்தை போன வாரத்தோடு முடிந்ததாம், இனி குளிர்காலம் முழுக்க உள்ளரங்கில்தான். பக்கத்துக் கடையில் பாலாடைக்கட்டித் துண்டுகள் ஒரு பை வாங்கினேன், ஆறரை டாலர். அன்றைக்கே திரித்தது என்றால் கடிக்கும்போது பல்லில் கீச்சென்று சத்தம் வரும். வந்தது.

சந்தைக்கு வைத்திருந்த நேரத்தில் பல்கலைக்கழகத்தின் மரப்பூங்காவுக்குப் போனேன். படித்த இரண்டு ஆண்டில் ஒரு முறைகூட நான் அங்கே போகவில்லை. அங்கே கர்ட்டிஸ் புல்வெளி இருக்கிறது. உழுது ஓய்ந்த பண்ணை நிலத்தில் பழைய புல்வெளியை மறுபடி உருவாக்கும் வேலையை 1930-களில் தொடங்கினார்கள். உலகிலேயே அப்படி முதலில் மீட்டெடுக்கப்பட்ட புல்வெளி இதுதான் என்கிறார்கள். பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்து நின்ற இளைஞர்களை அரசு முகாம் போட்டு இங்கே நட வைத்தது. நட்டால் மட்டும் போதவில்லை. புல்வெளிக்குத் தீயும் வேண்டும் என்று பிறகுதான் புரிந்தது. அவ்வப்போது கட்டுப்பாட்டோடு எரித்தால்தான் மரஞ்செடிகள் ஏறி மூடாமல் புல் தழைக்கும். நவம்பரில் எல்லாம் பழுப்பு. என் தலைக்கு மேல் உயர்ந்த புல், காற்றில் நெற்கதிர் உரசுவதுபோல் ஒலி. வாகனச் சத்தம் தூரத்தில் கேட்டுக்கொண்டே இருந்தது, ஆனாலும் ஒரு மணி நேரம் நின்றுவிட்டேன். தொண்ணூறு ஆண்டாகியும் ‘இன்னும் முடியவில்லை’ என்றே இங்குள்ளவர்கள் இந்த வேலையைப் பற்றிப் பேசுகிறார்கள்.

மாலை மூன்று மணிக்கு மைதானத்துக்கு அருகே வண்டி நிறுத்த இடம் தேடினேன். ஆட்ட நாளில் சுற்றுத் தெருக்காரர்கள் தங்கள் வீட்டு முன் புல்தரையை வாடகைக்கு விடுவார்கள். ஐம்பது டாலர் கேட்ட ஒரு பாட்டியின் வீட்டில் நிறுத்திவிட்டு நடந்து வாயிலுக்குப் போனால், தோள்பையைக் காட்டி ‘இதோடு போக முடியாது’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். உள்ளே இருப்பது தெரிகிற கண்ணாடிப் பைக்கு மட்டும்தான் அனுமதி. பையில் இருந்தது நாளைக்கான இருநோக்கி. திரும்பி நடந்தேன். என் வண்டிக்குப் பின்னால் இன்னும் மூன்று வண்டிகள் நெருக்கி நின்றுவிட்டதால் கதவைத் திறக்க வழியில்லை. பாட்டி பையை வாங்கித் தன் வீட்டு வராந்தாவில் வைத்துக்கொண்டார். “பறவை பார்க்கிறவரா? நாளைக்கு பாராபூ பக்கம் போங்கள். கொக்குகள் இன்னும் கிளம்பவில்லை” என்றார். அங்கேதான் போகிறேன் என்றதும் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கேம்ப் ராண்டல் மைதானம் 1917-ல் திறக்கப்பட்டது. அதற்கு முன், உள்நாட்டுப் போரில் எழுபதாயிரம் வீரர்கள் பயிற்சி பெற்ற ராணுவ முகாம். இன்று எழுபத்தையாயிரம் பேருக்கு மேல் உட்கார்கிறார்கள். பீரில் வேகவைத்துச் சுட்ட ஜெர்மன் தொத்திறைச்சியின் வாசம் தெருவிலிருந்தே கூட வருகிறது. ஒன்று எட்டு டாலர், வெங்காயமும் கடுகும் வைத்து.

என் பக்கத்து இருக்கையில் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மையார், கணவர் இறந்த பிறகும் இரண்டு இருக்கைகளை விடாமல் வைத்திருப்பவர். கையைத் தேய்த்துக்கொண்டிருந்த என்னிடம் சூடு தரும் சிறு பொட்டலம் இரண்டை நீட்டினார். “1967-லும் 68-லும் நான் மாணவி. இரண்டு ஆண்டும் ஒரு வெற்றிகூட இல்லை. ஓர் ஆட்டமும் தவறவிடவில்லை” என்றார். குறையாகவும் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை.

ஆட்டம் ஆறரைக்குத் தொடங்கியது. இடைவேளையில் 10-6 என்று நாங்கள் முன்னிலை. மூன்றாம் கால்பகுதி முடிவில் 13-6. கூட்டத்துக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அந்த இடைவெளியில் ஒரு குறிப்பிட்ட பாட்டைப் போடுவது 1998 முதல் வழக்கம். மாணவர் பகுதி மொத்தமும் ஒரே நேரத்தில் எம்பிக் குதிக்கும். மேல் அடுக்கு ஆடுவது உட்கார்ந்திருப்பவர் காலுக்கே தெரியும். அம்மையாரும் எழுந்து நின்று முழங்காலை மடக்கி மடக்கி ஆடினார். பதினான்கு ஆண்டு கழித்து நானும் குதித்தேன்.

கடைசிக் கால்பகுதியில் எங்களுக்கு ஒரு புள்ளிகூட இல்லை. ஓரிகன் சமன் செய்தது, பிறகு ஓர் உதையில் மூன்று புள்ளி எடுத்தது: 16-13. எங்கள் கடைசி முயற்சியில் எறிந்த பந்து அவர்கள் கையில் போய் விழுந்தது. எழுபத்தையாயிரம் பேர் ஒரே மூச்சில் அடங்கியதை நான் இதற்கு முன் கேட்டதில்லை.

கல்லூரி ஆட்டத்தில் இப்போது பணம் வெளிப்படையாகப் புழங்குகிறது. 2021 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். ஆண்டுதோறும் கல்லூரி மாறுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். ஓரிகனுக்காகப் பந்தெறிந்தவர் இதற்கு முன் வேறு இரண்டு கல்லூரிகளில் ஆடியவர். வீரர்களுக்குப் பணம் போவது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். இத்தனை காலம் அவர்கள் உழைப்பில் மற்றவர்கள்தான் சம்பாதித்தார்கள். ஆனால் எல்லோருக்கும் இந்த ஆண்டே பலன் வேண்டும் என்கிற அவசரம் ஆட்டத்துக்குள் வந்துவிட்டதை மைதானத்தில் உட்கார்ந்தே உணர முடிகிறது.

தோற்ற பிறகும் பல்கலைக்கழக வாத்தியக் குழு மைதானத்தில் இறங்கி வாசிக்கிறது. ‘ஐந்தாம் கால்பகுதி’ என்று அதற்குப் பெயர். அம்மையார் போகவில்லை, நானும் போகவில்லை. வராந்தாவில் விளக்கு எரியவிட்டு, பையை நாற்காலியில் வைத்திருந்தார் அந்தப் பாட்டி. பாராபூ விடுதிக்கு வந்து சேரும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது.

நவம்பர் 17, ஞாயிறு. பாராபூ

நான்கு மணி நேரம்தான் தூக்கம். ஐந்தரைக்குக் கிளம்பி, விஸ்கான்சின் ஆற்றை ஒட்டிப் போகும் லெவி சாலையில் வண்டியை நிறுத்தினேன். இருட்டு. ஆற்றின்மேல் மூடுபனி. எதுவும் தெரியவில்லை, சத்தம் மட்டும்தான். தவிலும் கொம்பும் சேர்ந்து தொண்டைக்குள் உருளுகிற மாதிரி ஒரு குரல், அதற்குப் பத்துக் குரல் பதில், பிறகு நூறு.

நம் ஊரில் கொக்கு என்றால் வயலில் நிற்கும் வெள்ளைப் பறவை. இது வேறு குடும்பம். மணற்குன்றுக் கொக்கு நான்கடி உயரம், சாம்பல் உடல், நெற்றியில் சிவப்பு. நம் கொக்கு கழுத்தை மடக்கிப் பறக்கும், இது கழுத்தை நேராக நீட்டிப் பறக்கும். நரி, ஓநாய் நெருங்காமல் இருக்க இரவில் ஆற்று நடுவே மணல்திட்டில், கணுக்கால் நீரில் நின்றே தூங்குகின்றன. தெற்கே புறப்படுவதற்கு முன் சில வாரம் இந்த ஆற்றில் ஆயிரக்கணக்கில் கூடும்.

ஏற்கெனவே ஒருவர் அங்கே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர். எனக்கும் ஒரு கோப்பை காபி ஊற்றிக் கொடுத்துவிட்டு, “பேசுவதாக இருந்தால் மெதுவாகப் பேசுவோம்” என்றார். அவர் ஒரு கணக்கெடுப்பாளர். 1976 முதல் ஏப்ரலில் ஒரு நாள் விடியற்காலையில், நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் ஆளுக்கொரு சதுப்பில் நின்று ஒரே நேரத்தில் கொக்குகளை எண்ணுகிறார்கள். இவர் முப்பத்தோர் ஆண்டாக அதே சதுப்பில், அதே வேலிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று எண்ணுகிறார். முதல் சில ஆண்டுகள் அவர் தாளில் எழுதியது பூஜ்யம். “பூஜ்யமும் ஒரு கணக்குதான், அனுப்பிவிடுவேன்” என்றார். 1930-களில் விஸ்கான்சினில் இந்தப் பறவை இருபத்தைந்து ஜோடி அளவுக்குக் குறைந்துபோயிருந்தது. சதுப்புகளை வடித்து வயலாக்கியதும் வேட்டையும் காரணம். இன்று எங்கள் கண்முன் நிற்பவை எத்தனை என்று கேட்டேன். “வெளிச்சம் வரட்டும்” என்றார்.

ஆறரைக்கு அம்மாவை அழைத்தேன். அங்கே மாலை ஆறு. கார்த்திகை பிறந்து இரண்டாம் நாள், வாசலில் விளக்கு வைத்துக்கொண்டிருந்தார். “என்னப்பா அது, பின்னால் என்ன சத்தம்?” என்றார். கொக்கு என்றேன். நம்பவில்லை. கைப்பேசியை ஆற்றுப் பக்கம் நீட்டினேன். ஒரு நிமிடம் பேசாமல் கேட்டார். பிறகு, “கொள்ளுக்குடிப்பட்டியிலும் பறவை இறங்கிவிட்டது, நேற்றுப் பஸ்ஸில் வரும்போது பார்த்தேன்” என்றார்.

எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது வேட்டங்குடி சரணாலயம், 1977-ல் அறிவித்தார்கள். மழை தொடங்கியதும் நத்தைக்குத்தி நாரை, அரிவாள் மூக்கன் எல்லாம் அந்தக் கண்மாய்க் கருவேல மரங்களில் கூடு கட்டும். கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சட்டம் சொல்லி அல்ல, பறவை கலைந்துவிடும் என்பதால். அதற்கு நன்றியாக வனத்துறை இனிப்பு கொண்டுவந்து கொடுக்கும். சிறு வயதில் அந்த ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்து நான் பரிதாபப்பட்டிருக்கிறேன். நேற்று எழுபத்தையாயிரம் பேர் சேர்ந்து எழுப்பிய ஓசை காதில் இன்னும் இருக்கும்போது, ஒரு பெரியவரோடு கிசுகிசுத்தபடி இங்கே உட்கார்ந்திருக்கையில், அந்தப் பிள்ளைகளிடம் எதுவும் குறைவாக இருக்கவில்லை என்று தோன்றியது.

ஏழு மணிக்குச் சற்று முன் சூரியன். மூடுபனி முதலில் வெள்ளையானது, பிறகு இளஞ்சிவப்பு. திட்டு திட்டாகக் கொக்குகள் தெரிந்தன. மேலாற்றில் ஒரு கூட்டம் கிளம்பியது. அதைப் பார்த்து அடுத்தது. தலைக்கு மேல் ஆறடிக்கு மேல் விரிந்த சிறகுகள் ஒவ்வொன்றும் காற்றை அறைவது தனித்தனியாகக் கேட்டது. ஆசிரியர் உதட்டை மட்டும் அசைத்து எண்ணினார். முடித்துவிட்டு, “இந்த வளைவில் மட்டும் ஆயிரத்து நானூறு” என்று குறித்துக்கொண்டார். நான் நிதிக்காரன், எண்களோடுதான் வாழ்க்கை. ஓர் எண்ணைக் கேட்டுக் கண் கலங்கியது இதுதான் முதல் தடவை.

எட்டரைக்கு ஒரு சிற்றுண்டிக் கடை. இரண்டு முட்டை, உருளைக்கிழங்கு வறுவல், ரொட்டி, குடிக்கக் குடிக்க நிரப்பும் காபி: 11 டாலர். பக்கத்தில் ஒரு மக்காச்சோள விவசாயி. கொக்கு பார்க்க வந்தேன் என்றதும் அவர் முகம் கொஞ்சம் இறுகியது. வசந்தத்தில் விதை முளைக்கும்போது கொக்குகள் வரிசை பிடித்து நடந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தின்றுவிடும். ஒரே காலையில் பல ஏக்கர் போய்விடும். கசப்பேற்றும் ஒரு மருந்தை விதைமேல் பூசினால் கொக்கு அதை விட்டுவிட்டுப் புழுவைத் தேடும். “அது வேலை செய்கிறது. ஆனால் கொக்கு எல்லோருக்கும் சொந்தம், மருந்துச் செலவு மட்டும் என் தலையில்” என்றார். கொக்கு வேட்டையைத் திறந்துவிடலாமா என்று 2024-ல் சட்டமன்றக் குழு ஒன்று ஆராய்ந்துகொண்டிருந்தது. அவருக்கு வேட்டையில் அவ்வளவு நாட்டமில்லை. மருந்துக்குப் பாதிப் பணம் கிடைத்தால் போதுமாம். அவர் கேட்பது சரி. பலன் ஊருக்கு, செலவு ஒருவருக்கு என்றால் எந்தக் கணக்கும் நீண்ட நாள் நிற்காது. கொள்ளுக்குடிப்பட்டியில் இனிப்புப் பெட்டியாவது வருகிறது.

எழுந்து போகும்போது என் சாம்பல் நிறச் சட்டையைப் பார்த்து, “அடுத்த சனிக்கிழமை மான் வேட்டை தொடங்குகிறது. அதற்குப் பிறகு ஆரஞ்சு போடாமல் காட்டில் நடக்காதீர்கள்” என்றார். என் காபிக்கும் அவரே பணம் கொடுத்துவிட்டதை வெளியே வந்த பிறகுதான் அறிந்தேன்.

பன்னாட்டுக் கொக்கு அறக்கட்டளையின் வாயிலில் சங்கிலி. பார்வையாளர் பருவம் அக்டோபரோடு முடிந்துவிட்டது, நான் தேதி பார்க்காமல் வந்துவிட்டேன். உலகிலுள்ள பதினைந்து கொக்கு இனங்களும் ஒரே இடத்தில் இருப்பது இங்கே மட்டும்தான். 1973-ல் ஜார்ஜ் ஆர்ச்சிபால்டும் ரான் சாவியும் ஒரு குதிரைப் பண்ணையில் தொடங்கினார்கள். 1941-ல் இருபது சொச்சத்துக்கு வந்துவிட்ட பெருங்கொக்கு இனத்தைக் காப்பாற்ற, மனிதரிடமே வளர்ந்து மனிதரையே துணையாகக் கருதிய ஒரு பெட்டையின் முன்னால் ஆர்ச்சிபால்ட் நாள்கணக்கில் நடனமாடி அதை முட்டையிட வைத்தார். 1982-ல் குஞ்சு பொரித்தது. பிறகு 2001 முதல், கொக்கு வேடமிட்ட விமானிகள் சின்னஞ்சிறு விமானங்களில் முன்னே பறந்து, இளம் பறவைகளுக்கு விஸ்கான்சினிலிருந்து ஃபுளோரிடாவுக்கு வழி காட்டினார்கள். நம் நாட்டில் பரத்பூருக்கு வந்துகொண்டிருந்த சைபீரியக் கொக்குகளுக்கு அப்படி நடக்கவில்லை. 2002-க்குப் பிறகு அவை அங்கே வரவே இல்லை. சங்கிலிக்கு இந்தப் பக்கம் நின்றபோது உள்ளிருந்து ஒரு கொக்கு கத்தியது. எந்த இனமோ.

மாலையில் டெவில்ஸ் லேக் பாறையில் கொஞ்ச தூரம் ஏறினேன். கால் ஒத்துழைக்கவில்லை, திரும்பிவிட்டேன். வானொலியில் செய்தி: எங்கள் அணியின் தாக்குதல் ஆட்டப் பயிற்சியாளரை நீக்கிவிட்டார்கள். அவர் வந்து இன்னும் இரண்டு ஆண்டு நிறையவில்லை.

நவம்பர் 18, திங்கள். பாராபூ, சிகாகோ

விடிந்ததிலிருந்து தூறல். இயற்கைப் பாதுகாப்பைப் பற்றி எழுதிய ஆல்டோ லியோபோல்டின் குடிசையைப் பார்க்கப் போனேன்.

குடிசை என்பது மிகையில்லை. கோழிக்கூண்டாக இருந்ததைச் சுத்தம் செய்து குடும்பத்தோடு வார இறுதிகளில் தங்கினார். பல்கலைக்கழகப் பேராசிரியரான அவர், விளைச்சல் தீர்ந்துபோன இந்த மணல் பண்ணையை 1935-ல் மலிவாக வாங்கினார். மனைவியும் ஐந்து பிள்ளைகளும் சேர்ந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் பைன் கன்று நட்டார்கள். முதல் ஆண்டுகளில் வறட்சியில் பெரும்பகுதி காய்ந்துபோனது. திரும்ப நட்டார்கள். 1948 ஏப்ரல் 21 அன்று பக்கத்து நிலத்தில் பிடித்த தீயை அணைக்கப் போன இடத்தில் மாரடைத்து இறந்தார். அந்த இடத்துக்கு அருகே 2007-ல் கட்டிய மையத்தின் தூணும் உத்தரமும், அந்தக் குடும்பம் நட்டு, நெருக்கம் குறைக்க வெட்டிய பைன் மரங்கள்தாம். ஒரு தூணைக் கையால் அணைத்துப் பார்த்தேன். முழுதாக அணைக்க முடிந்தது, ஆனால் நட்டவருக்கு அது முழங்கால் உயரக் கன்று.

என்னை நிறுத்தி வைத்தது அவருடைய பதிவேடுதான். எந்த நாளில் எந்தப் பூ முதலில் மலர்ந்தது, எந்தப் பறவை முதலில் வந்தது, ஏரியில் பனி எப்போது உருகியது என்று தேதி தேதியாக எழுதினார். அவருக்குப் பிறகு மகள் நீனா அதே நிலத்தில் அந்தக் குறிப்புகளைத் தொடர்ந்தார். தந்தையின் தேதிகளையும் மகளின் தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, வசந்தத்தின் பல அடையாளங்கள் முன்னைவிடச் சீக்கிரம் வருவது தெரிந்தது. அது 1999-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. லியோபோல்ட் எழுதும்போது எதையும் நிரூபிக்க எழுதவில்லை.

என் தாத்தா ஒரு செட்டியார் கிட்டங்கியில் கணக்கெழுதியவர். சிட்டை, பேரேடு, ஐந்தொகை என்று அவர் வாயில் புழங்கிய சொற்கள்தான் என் தொழிலுக்கு எனக்குக் கிடைத்த முதல் பாடம். வீட்டுச் சிட்டையில் பால் கணக்குக்கு நடுவே, ‘இன்று உழவு மழை’, ‘பெரிய கண்மாய் மறுகால் போனது’ என்று தேதி போட்டு எழுதியிருப்பார். அது எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. அந்த ஏடுகளை வீடு மாறியபோது பழைய தாளோடு போட்டுவிட்டோம். அந்தக் குடிசை வாசலில் மழையில் நின்றபோது அது தாங்க முடியாமல் உறைத்தது.

திரும்பும் வழியில் ஒரு பொது நிலத்தின் பலகையில் நோல்ஸ்-நெல்சன் நிதியின் பெயர் இருந்தது. அலுவலக ஆவணங்களில் பலமுறை படித்த பெயர். விஸ்கான்சின் 1989 முதல் கடன்பத்திரம் வெளியிட்டு அந்தப் பணத்தில் காடும் ஆற்றங்கரையும் வாங்கி வந்திருக்கிறது. நோல்ஸ் குடியரசுக் கட்சியின் முன்னாள் ஆளுநர், நெல்சன் ஜனநாயகக் கட்சியின் முன்னாள் ஆளுநர். இரண்டு பெயரும் ஒரே நிதியில். வட்டி விகிதமும் முதிர்வுத் தேதியுமாக நான் பார்த்து வந்த கடனின் மறுபக்கத்தில், ஓக் மரங்கள் மழையில் நனைந்துகொண்டிருந்தன. வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 விழுக்காடு வரி போட்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குக் கொடுக்கும் 1937-ஆம் ஆண்டுச் சட்டமும் இந்த நாட்டில் இருக்கிறது. சிற்றுண்டிக் கடையில் பார்த்த விவசாயி அடுத்த வாரம் வாங்கும் தோட்டாவிலும் அந்தப் பங்கு உண்டு.

ஊரை விட்டுப் புறப்படும் முன் அஞ்சலகத்தில் நுழைந்தேன். வாத்து வேட்டைக்காரர்கள் ஆண்டுதோறும் வாங்க வேண்டிய முத்திரை ஒன்று 1934 முதல் இருக்கிறது. அன்று ஒரு டாலர், இன்று 25. ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் சதுப்பு நிலம் வாங்கவும் குத்தகை எடுக்கவும் போகிறது. இதுவரை 60 லட்சம் ஏக்கர். இத்தனை குறைந்த நிர்வாகச் செலவோடு ஓடும் நிதியை என் தொழிலில் நான் பார்த்ததில்லை. வேட்டையாடாதவரும் வாங்கலாம்.

முகப்பிலிருந்த பெண்மணி என் சிவப்புத் தொப்பியைப் பார்த்தார். ஓரிகன் அணியின் பெயரே ‘வாத்துகள்’ என்பதுதான். “சனிக்கிழமை நமக்கு நடந்ததற்குப் பிறகும் வாத்துகளுக்குப் பணம் கொடுக்கிறீர்களா?” என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். வேட்டைக்கு என்றால் குறுக்கே கையெழுத்துப் போட வேண்டும் என்றார். வேண்டாம் என்றேன். மழையில் நனையாமல் இருக்க ஓர் உறைக்குள் வைத்துக் கொடுத்தார்.

வண்டிக்குள் வந்து பிரித்துப் பார்த்தேன். 2024-ஆம் ஆண்டு முத்திரையில் இருந்தது ஊசிவால் வாத்து ஜோடி. குளிர்காலத்தில் வேடந்தாங்கலுக்கு வருகிற அதே இனம். படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். அங்கே நள்ளிரவு.

வழியெல்லாம் மழை. சிகாகோ எல்லையில் ஒரு விபத்து, ஒன்றரை மணி நேரம் நின்ற இடத்திலேயே நின்றோம். இரவு ஏழு மணிக்கு வீட்டுப் படியேறும்போது கைப்பேசி ஒலித்தது. அங்கே விடிந்திருந்தது. அம்மா ஒரு வரி அனுப்பியிருந்தார்: “ராத்திரி முழுக்க நல்ல மழை. பெரிய கண்மாய் மறுகால் போகிறது.”